மல்லாட்டையில் சுருள் பூச்சி: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிப்பட்டத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, முளைத்து மூன்று வாரம் ஆனதும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். ஒடுகத்தூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. கல்லூரியில் விலங்கியல் படித்தேன். அதனால் இலையில் எந்தப் புள்ளி விழுந்தாலும் சொந்தக்காரர்கள் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

சுருள் பூச்சி என்பது எது? புழுவா, பூச்சியா?

இரண்டும் ஒன்றுதான். இலையைச் சுருட்டுவது புழு. அது வளர்ந்து அந்துப்பூச்சியாகிறது. அந்துப்பூச்சியின் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர், ஒரு பச்சரிசி அளவுகூட இருக்காது. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். முன் இறக்கை ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். வயலில் நடக்கும்போது காலடியில் பொடிப்பொடியாகக் கிளம்பி நாலடி தள்ளி உட்காருமே, அதுதான்.

பூச்சியியல் நூல்களில் இதன் பெயர் அப்ரோயரீமா மோடிசெல்லா. பழைய நூல்களில் ஸ்டோமாப்டெரிக்ஸ் என்று தொடங்கும் வேறு பெயர்களும் இருக்கும். அறிவியல் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் நம் பெயர் மாறவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மதராஸ் மாகாணத்துப் பூச்சியியல் நூல்களிலேயே 'சுருள் பூச்சி' என்ற தமிழ்ப் பெயரை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் ஆற்காட்டுக் கடலைக்காட்டில் குனிந்து வேலை செய்தவர்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காகிதம் மாதிரி இருக்கிற இலைக்குள் ஒரு புழு எப்படி வாழும்?

எல்லோரும் கேட்க வேண்டும் என்று நான் விரும்பும் கேள்வி இது. இதற்குப் பதில் தெரிந்தால் மற்ற பாதிக் கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும்.

இலைக்கு மேல்தோல் ஒன்று, கீழ்த்தோல் ஒன்று. நடுவில் இருப்பது பச்சைச் சதை. இலை உணவு தயாரிக்கும் இடம் அதுதான். தாய்ப்பூச்சி சிற்றிலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளைத் தனித்தனியாக ஒட்டிவிட்டுப் போகும். ஒரு பூச்சி நூற்றுக்கும் மேல் முட்டை வைக்கும். மூன்று நாலு நாளில் பொரிக்கும் புழு நேராக இலையைத் துளைத்து இரண்டு தோலுக்கும் நடுவே போய்விடும். தோலை விட்டுவிட்டு நடுச்சதையை மட்டும் தின்னும். அது தின்ற இடம் வெற்றுச் சவ்வாக நிற்கும், அதுவே அதற்குச் சுரங்கம். வெயிலில் உடம்பு காயாது, காற்று அடித்துப் போகாது, எறும்பும் சிலந்தியும் எளிதில் எட்டாது. சாப்பாட்டுக்கு நடுவிலேயே வீடு.

ஆனால் மல்லாட்டைச் சிற்றிலை சின்னது. ஐந்தாறு நாளில் புழு அந்தச் சுரங்கத்துக்குள் அடங்காத அளவு வளர்ந்துவிடும். அப்போது வெளியே வந்து, இலையை மடித்தோ பக்கத்து இலையை இழுத்துச் சேர்த்தோ, தன் வாயிலிருந்து வரும் நூலால் தைத்து அதற்குள் உட்கார்ந்து தின்னும். சுருள் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தச் சுருளுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஒரு வாரத்துக்குள் அந்துப்பூச்சியாக வெளியேறும். முட்டையிலிருந்து பூச்சி வரை மூன்று நாலு வாரம் போதும். ஒரு பட்டத்துப் பயிர் நிலத்தில் நிற்கும் காலத்தில் மூன்று நாலு தலைமுறை வந்து போய்விடும்.

இப்படி இலைக்குள் சுரங்கம் போடும் பழக்கம் மிகப் பழையது. சுமார் 9 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்கப் பாறைகளில் கிடைத்த இலைப் புதைபடிவங்களிலேயே அந்துப்பூச்சிப் புழுக்களின் சுரங்கத் தடங்கள் தெரிகின்றன. நம் ஊர் கடலை வயலில் நடப்பது, அந்த நீண்ட கதையில் நேற்று வந்த ஒரு பக்கம்தான்.

ஓக் மர இலையில் சுரங்கம் போடும் பூச்சி பற்றிப் பாடத்தில் வருகிறது. அது நம் பக்கமும் உண்டா?

பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்ட கேள்வி இது. ஐரோப்பாவில் ஓக் இலைக்குள் வாழும் குட்டி அந்துப்பூச்சிகள் பல வகை உண்டு. சிலவற்றின் இறக்கையை விரித்து அளந்தால்கூட 5, 6 மில்லிமீட்டர்தான். டிஷேரியா எக்கிபிளாடெல்லா என்ற ஒன்று ஓக் இலையின் மேல்பக்கத்தில் வெள்ளைத் திட்டாகச் சுரங்கம் போடும். அதற்குள் பட்டு நூலால் வட்டமாக ஓர் அறை கட்டிக்கொள்ளும். இலை உதிர்ந்து தரையில் விழுந்தாலும் புழு அந்த அறையிலேயே பனிக்காலத்தைக் கழிக்கும். அங்கே இன்னொரு விந்தையும் நடக்கும். இலையெல்லாம் பழுத்து மஞ்சளான பின்னும், சில வகைப் புழுக்கள் இருக்கும் இடம் மட்டும் பச்சைத் தீவு மாதிரி நிற்கும். ஆப்பிள் இலையில் வாழும் ஒரு வகையை ஆராய்ந்தபோது, புழுவின் உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியாவின் துணையோடுதான் அந்த இடம் பழுக்காமல் நிற்கிறது என்று தெரிந்தது.

ஓக் மரத்தின் பட்டையில் துவர்ப்பு அதிகம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நாம் தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்திய மாதிரி, ஐரோப்பாக்காரர்கள் ஓக் பட்டையைப் பயன்படுத்தினார்கள். ஓக் இலையிலும் அந்தத் துவர்ப்பு உண்டு. முற்ற முற்ற அது கூடும். அப்படிப்பட்ட இலைக்குள்ளும் குடியிருக்கப் பழகிய பூச்சிகள் அவை.

நம் மலைப்பக்கம் நட்டிருக்கும் சில்வர் ஓக் மரம் ஓக் இனமே அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். பெயர் மட்டும்தான் ஒட்டிக்கொண்டது. ஆக ஓக் பூச்சி வேலூரில் இல்லை. அதே வாழ்க்கையை இங்கே வாழ்வது மல்லாட்டையின் சுருள் பூச்சியும் எலுமிச்சையின் சுரங்கப் பூச்சியும்.

ஆரம்பத்திலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

செடி முளைத்து 15 நாள் ஆனதிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை காலை வெயிலில் வயலுக்குள் இறங்குங்கள். வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலு மூலையிலும் நடுவிலும் சில செடிகளுக்கு அருகே உட்கார வேண்டும். இலையில், பெரும்பாலும் நடுநரம்பை ஒட்டி, வெளிர்ந்த சிறு கொப்புளம் போலத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இலையைக் கிள்ளிச் சூரியனுக்கு நேராகப் பிடியுங்கள். கண்ணாடிபோல் வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் கறுத்த தலையோடு ஒரு சின்னப் புழு நெளியும், பக்கத்தில் மிளகுத்தூள் தூவியது மாதிரி அதன் புழுக்கை கிடக்கும்.

கண் தெளிவாக இருப்பவர்கள் லென்ஸ் இல்லாமலே பார்க்கலாம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு என்னைவிட வேகமாகத் தெரியும். களை எடுக்கும்போதே, "இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டு போவார். களை எடுக்க வரும் பெண்களிடம் ஒரு முறை இலையைப் பிடித்துக் காட்டிவிட்டால் போதும், அதைவிட நல்ல கண்காணிப்பு வேறு கிடையாது.

வயல் தூரத்திலிருந்து தீய்ந்த மாதிரி தெரியும்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். அதற்குள் புழுவில் பாதி கூட்டுப்புழுவாகியிருக்கும், சில பூச்சியாகவே பறந்திருக்கும். அந்த நேரத்தில் அடிக்கும் மருந்து, குடி மாறிய வீட்டின் கதவைத் தட்டுவதுதான்.

இது டிக்கா நோயா, சுருள் பூச்சியா என்று குழப்பமாக இருக்கிறது.

டிக்கா என்னும் இலைப்புள்ளி நோய் பூஞ்சாணத்தால் வருவது. புள்ளி வட்டமாக, கருப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், பல நேரம் சுற்றி மஞ்சள் வளையம் காணும். தொட்டுப் பார்த்தால் தட்டையாக இருக்கும். சுருள் பூச்சியின் திட்டு ஒழுங்கில்லாத வடிவம், சற்று உப்பி இருக்கும், பிரித்தால் உள்ளே வெற்றிடம். இலை நுனி மட்டும் 'வி' வடிவத்தில் மஞ்சளானால் அது தத்துப்பூச்சி. இதைப் பிரித்தறியாமல் பூஞ்சாணக் கொல்லியை வாங்கிச் சுருள் பூச்சிக்கு அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வருஷம் வயலையே அழிக்கிறது, மறு வருஷம் காணோம். ஏன்?

மழைதான். பலத்த மழை பெய்தால் பூச்சியும் புழுவும் அடிபட்டுக் குறைந்துவிடும். முளைத்த பின் இரண்டு மூன்று வாரம் வானம் காய்ந்தால், அதோடு வெப்பமும் ஏறினால், இது பெருகும். காய்ச்சலில் ஏற்கெனவே வாடி நிற்கும் செடிக்கு இலையும் போனால் இரட்டை அடி. அதனால்தான் மானாவாரிக்காரர்களுக்கு இதன் மேல் இவ்வளவு பயம். கார்த்திகை, மார்கழியில் கிணற்றுத் தண்ணீரில் போடும் பயிரிலும், மாசி பங்குனி வெயில் ஏறும்போது இது தலைகாட்டும்.

மருந்து அடித்தும் போகவில்லையே?

எங்கள் சித்தப்பா வயலில் நடந்ததைச் சொல்கிறேன். பூ எடுக்கும் பருவத்தில் சுருள் தெரிந்தது. ஒரு கடையில் மூன்று மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். எட்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை அடித்தார். முதல் இரண்டு நாள் வயல் சுத்தமாகிவிட்டது மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் முன்பைவிட அதிகம். பக்கத்தில் எங்கள் வயலில் நாங்கள் ஒன்றும் அடிக்கவில்லை. சுருள் இருந்தது, ஆனால் அந்த அளவு இல்லை. இரண்டு வயலிலிருந்தும் சுருள் இலைகளைப் பறித்து வந்து திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். எங்கள் வயல் இலையில் பல சுருள்களில் புழு செத்துக் கிடந்தது, பக்கத்தில் குட்டிக் குட்டியாக வேறு கூடுகள். அவர் வயல் இலையில் எல்லாமே கொழுத்த உயிர்ப் புழு.

அந்தக் குட்டிக் கூடுகள் ஒட்டுண்ணிக் குளவிகளுடையவை. கடுகளவே இருக்கும் பல வகைக் குளவிகள் சுரங்கத்தின் மேல் நடந்து, உள்ளே புழு இருக்கும் இடத்தை அறிந்து, இலைத்தோல் வழியாகவே குத்தி முட்டை வைத்துவிடும். குளவிக் குஞ்சு புழுவைத் தின்று வளரும். எறும்பு எட்டாத சுரங்கத்துக்குள்ளும் எட்டும் எதிரி இது. இலை மேல் மட்டும் படியும் மருந்து சுரங்கத்துக்குள் இருக்கும் புழுவைச் சரியாகத் தொடாது. வெளியே இலை மேல் நடக்கும் குளவியை உடனே கொல்லும். புழுவுக்குப் பாதுகாப்பு, அதன் எதிரிக்குச் சாவு. சித்தப்பா வயலில் நடந்தது அதுதான் என்று நான் நம்புகிறேன். அவருக்கு அந்த வருஷம் மருந்துச் செலவே பெரிய கடனாகிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது.

அப்படியானால் மருந்தே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன். ஹைதராபாத் அருகே பட்டாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் கணக்கு எளிது: முளைத்து 30 நாளில் செடிக்கு 5 உயிர்ப் புழு, 50 நாளில் 10, 75 நாளுக்கு மேல் 15. அதைத் தாண்டினால்தான் மருந்து. செத்த புழுவையும் வெறும் சுருளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. மல்லாட்டைச் செடி கொஞ்சம் இலை போனாலும் மீண்டும் துளிர்த்து ஈடுகட்டும். பூ எடுத்து, விழுது இறங்கி, காய் பிடிக்கும் நேரத்தில் மட்டும் இலை இழப்பு விளைச்சலை நன்றாகவே குறைக்கும்.

எந்த மருந்து என்பதைக் கடையில் கேட்காதீர்கள். இலையைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வேளாண் விரிவாக்க மையத்துக்கோ, விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். தடைசெய்யப்படும் மருந்துகளின் பட்டியல் அவ்வப்போது மாறுவதால் போன வருஷத்து டப்பாவை நம்ப வேண்டாம். இரண்டு மூன்றைக் கலந்து அடிக்கவே வேண்டாம்.

வேப்பங்கொட்டைக் கரைசல் வேலை செய்யுமா?

ஆரம்பத்தில் அடித்தால் செய்யும். தாய்ப்பூச்சி முட்டை வைப்பதையும், சிறு புழு தின்பதையும் குறைக்கும். முற்றிய சுருளுக்கு அடித்துவிட்டு வேம்பைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் நன்றாகக் கலக்கித் துணியில் வடிகட்டி, 100 லிட்டராகத் தண்ணீர் சேர்த்து, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பின் அடியுங்கள், வெயிலில் இதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். முட்டை அடியிலைப் பக்கம் இருப்பதால் கைத்தெளிப்பான் முனையைக் கீழிருந்து மேலாகப் பிடிக்க வேண்டும். பழைய, பூசணம் பிடித்த கொட்டையில் பயனில்லை. ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கி நிழலில் உலர்த்தி வைத்ததே நல்லது.

விளக்குப்பொறி?

வைக்கலாம். ஒரு பல்பு, அதன் கீழே சோப்புத் தண்ணீர் ஊற்றிய அன்னக்கூடை, அவ்வளவுதான். இருட்டிய பின் இரண்டு மூன்று மணி நேரம் எரிந்தால் போதும். விடிய விடிய எரியவிட்டால் நல்ல பூச்சிகளும் சேர்ந்து சாகும். என் பார்வையில் இதன் பெரிய பயன் கொல்வது அல்ல, சேதி சொல்வது. திடீரென ஒரு ராத்திரி பூச்சி அதிகமாக விழுந்தால், ஒரு வாரத்துக்குள் இலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

கம்பு ஊடுபயிர் போட்டால் குறையும் என்கிறார்களே?

உண்மைதான். நாலு வரி மல்லாட்டைக்கு ஒரு வரி கம்பு என்பது வேளாண் பல்கலைக்கழகமும் சொல்லும் முறை. கம்பு நிற்கும் வயலில் சிலந்தியும் பொறிவண்டும் கூடுதலாகத் தங்கும். வைக்கோல் மூடாக்குப் போட்டாலும் இதே மாதிரி பலன் உண்டு, ஈரமும் நிற்கும். நம் பாட்டன் காலத்து மானாவாரியில் கடலைக்கு நடுவே கம்பும் துவரையும் இல்லாத வயல் அபூர்வம். தனிக்கடலை என்பது பிறகு வந்த பழக்கம்.

சோயா மொச்சையை மட்டும் பக்கத்தில் போடாதீர்கள். அதுவும் இந்தப் பூச்சிக்குப் பிடித்த உணவு. கார்போகரிசிச் செடி, குதிரைமசால் இவற்றிலும் தங்கும். கடலை அறுத்த நிலத்தில் அடுத்து கேழ்வரகோ சோளமோ நெல்லோ வந்தால் தொடர் அறுபடும்.

எலுமிச்சைத் துளிர் இலையில் பாம்பு ஊர்ந்த மாதிரி வெள்ளிக் கோடு போகிறது. இதே பூச்சியா?

இல்லை, இது வேறு குடும்பம். பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. இதை 1856-ல் அறிவியலுக்கு விவரித்தபோது கையில் இருந்த பூச்சி கல்கத்தாவிலிருந்து போனது. இன்றைக்கு உலகில் எலுமிச்சையும் ஆரஞ்சும் விளையும் இடமெல்லாம் இது இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 1993-ல் போய்ச் சேர்ந்தது.

இதன் புழுவுக்குக் காலே கிடையாது. உடம்பு தட்டை. தோலுக்கு அடியில் வளைந்து வளைந்து போகும் பாதையின் நடுவில் இருண்ட கோடாகத் தெரிவது அதன் எச்சம். இலை ஓரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகும். துளிர் இலையை மட்டுமே விரும்பும். வளர்ந்த மரம் இதைத் தாங்கிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். நாற்றிலும் முதல் இரண்டு மூன்று வருஷக் கன்றிலும்தான் கவனம் வேண்டும். சுரங்கத்தின் காயம் வழியாகச் சொறி நோய்க் கிருமி எளிதில் நுழையும். யூரியாவை அள்ளிப் போட்டு ஓயாமல் துளிர்க்க வைத்தால் பூச்சிக்கு ஓயாமல் விருந்து.

தக்காளி இலையில் வருவது?

அதில் இரண்டு உண்டு. நூல் மாதிரி வெள்ளைக் கோடு போனால் ஒரு சிறு ஈயின் புழு. அகலமான திட்டாகக் காய்ந்து, காயிலும் துளை இருந்தால் ஊசிப்புழு என்கிற அந்துப்பூச்சி, 2014-ல் இந்தியாவில் முதலில் காணப்பட்டது. சுருள் பூச்சியின் பங்காளி, ஒரே குடும்பம். மல்லாட்டைக்கு அது வராது.

பாதித்த கொடியை மாட்டுக்குப் போடலாமா?

புழு தின்றதால் மாட்டுக்குக் கெடுதல் இல்லை. இலை குறைந்திருப்பதால் சத்து குறைவு, அவ்வளவுதான். மருந்து அடித்த கொடி என்றால் டப்பாவில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் கட்டாயம் போடக் கூடாது. கறவை மாட்டுக்குப் போட்டால் பால் வழியாக நம் வீட்டுப் பிள்ளைக்கே திரும்பி வரலாம்.

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வழி உண்டா?

உண்டு. சுருண்ட இலைகள் பத்துப் பன்னிரண்டைப் பறித்து வாயகன்ற ஒரு பாட்டிலில் போடுங்கள். அடியில் லேசாக ஈரமான காகிதம், வாயில் மெல்லிய துணி, ரப்பர் பேண்டு. வெயில் படாத இடத்தில் வையுங்கள். புழுக்களில் சிலவற்றின் முதுகில், தோலுக்குள்ளிருந்து வெளிர் சிவப்பாக ஒன்று தெரியும், அவை ஆண். பத்து நாளுக்குள் துணியின் உட்பக்கத்தில் சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் உட்கார்ந்திருக்கும். பாட்டிலில் கறுப்பாகவும் பச்சையாகவும் மின்னும் கடுகளவுக் குளவிகளும் ஓடும். இரண்டையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். போன ஆவணியில் எங்கள் பாட்டிலில் அந்துப்பூச்சி ஐந்து, குளவி ஒன்பது. குளவிகளை என் அக்கா மகள் கொண்டுபோய்ச் சித்தப்பா வயலில் திறந்துவிட்டாள்.